துளையும் வேண்டாம், பள்ளத்தாக்கும் வேண்டாம்: இடுக்கு போதும்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைப் பற்றித் தமிழில் குரல் கொடுத்த ஆவணப்படம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவந்த பாறைச் சுவர்கள் இரண்டு. நடுவில் ஓர் ஆள் உடம்பை ஒருக்களித்து நகர்கிறார். முதுகுப்பையைக் கழற்றிக் கையில் தூக்கிப் பிடித்திருக்கிறார். பின்னணிக் குரல் சொல்கிறது: “இந்தத் துளைப் பள்ளத்தாக்கு மலையேற்றப் பிரியர்களின் சொர்க்கம்.” அங்கே துளையும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை, யாரும் மலை ஏறவும் இல்லை. சொர்க்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்வதற்கில்லை.

முதல் தடவை கேட்டிருந்தால் விட்டிருப்பேன். பயணக் காணொளி, செய்தித் துணுக்கு, வசன வரி என்று ஆங்கிலத்தின் ‘ஸ்லாட் கேன்யன்’ தலைகாட்டும் இடமெல்லாம் இந்தத் துளை வந்து உட்கார்ந்துகொள்கிறது. போன மாதம் ஒரு சிறுவன் தன் பள்ளிக் கட்டுரையில் அதையே எழுதியிருந்ததைப் பார்த்தேன். இனியும் பேசாமல் இருந்தால் அகராதியில் ஏறிவிடும்.

சொல்லின் பிறப்பை முதலில் முடித்துவிடுவோம். ஸ்லாட் என்பது நெஞ்சுக்குழியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல் வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. காசு போடும் பிளவு, அட்டை செருகும் பிளவு எல்லாம் பிற்பாடு. கேன்யன் ஸ்பானியர் தந்தது. ‘கன்யோன்’ என்றால் குழாய். அதற்கு அடியில் நாணலைக் குறிக்கும் ‘கன்யா’, அதற்கும் அடியில் இலத்தீன் ‘கன்னா’. பீரங்கிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் கேனனும் இதே குடும்பம்தான். (நாம் கரும்பைக் கன்னல் என்கிறோமே என்று யாராவது ஆராய்ச்சிக்குக் கிளம்பினால் என்னைக் கூப்பிட வேண்டாம்.) நெஞ்சுக்குழியும் நாணல் குழாயும் சேர்ந்த பெயர், அவ்வளவுதான். இந்த இரண்டையும் தமிழில் பெயர்க்க வேண்டும் என்று நமக்கு எந்தக் கடனும் இல்லை. பெயர்க்க வேண்டியது பொருளை.

பொருள் என்ன? அகலத்தைவிட ஆழம் பல மடங்கு கூடிய, நீர் அறுத்த பாறைச் சந்து. சிலவற்றில் வாய் ஒரு மீட்டர்கூட இருக்காது, ஆழம் முப்பது மீட்டரைத் தாண்டும். பெரும்பாலும் மணற்கல்லில் உண்டாகும், சுண்ணாம்புக்கல்லிலும் உண்டு. வருடத்தில் பல நாள் ஒரு சொட்டு ஈரம் இருக்காது. பிறகு எங்கோ இடிமழை கொட்டும். வறண்ட தரை அதைக் குடிக்காது. மணலையும் கல்லையும் வாரிக்கொண்டு வரும் வெள்ளம் பாறையின் ஏதோ ஒரு விரிசலைப் பிடித்து இறங்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதுபோல் தேய்க்கும். இப்படிப் பல்லாயிரம் முறை. சுவர்களில் தெரியும் அந்த அலை அலையான வழவழப்பு தண்ணீரின் கைவேலை.

யூட்டாவின் எஸ்கலாண்டே ஊருக்கு அருகே பீக்கபூ, ஸ்பூக்கி என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கின்றன. முதலாவதில் ஏறிப் போய், இரண்டாவது வழியாக இறங்கி வருவதுதான் வழக்கம். நானும் அப்படித்தான் போனேன். ஸ்பூக்கியில் மிகக் குறுகிய இடம் ஓர் அடிக்கும் குறைவு. மூச்சை இழுத்தால் நெஞ்சும் முதுகும் ஒருசேரப் பாறையைத் தொட்டன. மூச்சை விட்டால்தான் அடுத்த அடி. சட்டைப் பொத்தான்கள் மணற்கல்லில் உரசி ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டன. எனக்கு முன்னால் போன பெரியவர் தலையைத் திருப்ப மறந்து நுழைந்துவிட்டார். வெளியே வரும்வரை அவருக்கு இடது பக்கச் சுவரைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. இப்போது சொல்லுங்கள், இதைப் பள்ளத்தாக்கு என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பள்ளத்தாக்கில் ‘தாக்கு’ என்பது அடிதடி இல்லை. நிலப்பரப்பு. ‘ஒரே தாக்காகப் பத்து ஏக்கர்’ என்று உழவர்கள் சொல்லும் அதே தாக்கு. ஆகவே பள்ளத்தாக்கு என்றால் தாழ்ந்து விரிந்த நிலம். அதற்குப் பரப்பு உண்டு. அங்கே ஆறு ஓடும், வயல் இருக்கும், ஊர் இருக்கும், தேர்தல்கூட நடக்கும். காஷ்மீரைப் பள்ளத்தாக்கு என்றால் அது பொருத்தம். கிராண்ட் கேன்யன் சில இடங்களில் 29 கிலோமீட்டர் அகலம் என்பதால் அதையும் அப்படிச் சொல்வோரைப் போனால் போகிறது என்று விடலாம், எனக்கு முழு உடன்பாடு இல்லை என்றாலும். ஆனால் 29 கிலோமீட்டருக்கும் ஓர் அடிக்கும் ஒரே சொல் என்றால் அந்தச் சொல் வேலையே செய்யவில்லை என்று பொருள். முன்னால் ‘துளை’ என்று ஒட்டுப்போட்டதும் அது செய்யாத வேலையைச் செய்ய வைக்கத்தான்.

அந்தத் துளைக்கு வருவோம். துளை என்றால் ஒரு பக்கம் புகுந்து மறுபக்கம் வரும் ஓட்டை. சுற்றிலும் அடைப்பு இருக்கும். காது குத்தினால் துளை. புல்லாங்குழலில் துளை. ஸ்லாட் கேன்யனுக்கு மேலே வானம் திறந்து கிடக்கிறது. அந்தக் கீற்று வழியாக ஒளி இறங்குவதைப் படமெடுக்கத்தான் உலகம் முழுவதிலுமிருந்து அங்கே போகிறார்கள். கூரை இல்லாததைத் துளை என்றால், தெருவையும் துளை என்று சொல்லலாம்.

எப்படி நேர்ந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை. மொழிபெயர்ப்பாளர் படத்தைப் பார்க்கவில்லை. அவருக்கு வந்தது வெறும் வரிகள். ஸ்லாட் என்று தட்டினார், துளை என்று வந்தது. கேன்யன் என்று தட்டினார், பள்ளத்தாக்கு என்று வந்தது. இரண்டையும் ஒட்டினார், வலி மிக வேண்டிய இடத்தில் ‘ப்’ கூடச் சரியாகப் போட்டார். இலக்கணம் சுத்தம், பொருள் பூஜ்யம். இதே வழியில் இன்னொருவர் கணினித் துறையிலிருந்து ‘செருகுவாய்’ என்ற சொல்லைக் கொண்டுவந்து ‘செருகுவாய்ப் பள்ளத்தாக்கு’ என்று எழுதியிருந்தார். மனிதரைச் செருகும் வாய் என்று கொண்டால் ஸ்பூக்கிக்கு மட்டும் பொருந்தும் என்று வேண்டுமானால் ஒத்துக்கொள்கிறேன்.

இவர்களாவது போகட்டும். எனக்கு உண்மையான சண்டை சங்கத் தமிழில் ஊறிய நண்பர் ஒருவரோடு. ‘விடர்’ என்று ஒரு சொல் இருக்கும்போது எதற்கு ஐயா இத்தனை அலைச்சல் என்கிறார். சும்மா சொல்லக் கூடாது, அழகான சொல். நிலப்பிளப்பு, மலைப்பிளப்பு, குகை என்று அதற்குப் பொருள். குறிஞ்சிப் பாட்டுகளில் விடரகம் எதிரொலிக்கும். ஒரே மூச்சில் சொல்லி முடிக்கலாம். வடமொழி வாடை இல்லை, பள்ளத்தாக்கு என்ற வாலும் இல்லை.

அவரிடம் முதலில் ஒரு விளையாட்டுத் தடையைச் சொன்னேன். விடன் என்றால் காமுகன், பன்மையில் விடர். ‘விடர் வழியே ஒரு நாள்’ என்று பயணக் கட்டுரைக்குத் தலைப்பு வைத்தால் வாசகர் வேறு எதையோ எதிர்பார்த்து வருவார். அவர் சிரிக்கவில்லை. சூழல் பார்த்துப் பொருள் கொள்ளத் தமிழனுக்குத் தெரியும் என்றார். சரி.

இரண்டாவது தடை விளையாட்டில்லை. விடர் என்பது பிளந்த இடம். நிலம் தானே வெடித்துத் திறந்தது. அதற்கு உலகில் ஒரு பேர்போன எடுத்துக்காட்டு உண்டு: ஜோர்தானில் பெட்ரா என்ற பழைய பாறை நகரத்துக்குள் நுழையும் ‘சிக்’. சுமார் 1.2 கிலோமீட்டர் நீளம், இருபுறமும் நெட்டுக்குத்தாகச் சுவர். பார்த்தால் யூட்டாவில் இருப்பதன் உடன்பிறப்பு. ஆனால் அது நில அசைவால் பாறை இரண்டாகப் பிளந்து உண்டானது. நீர் பிற்பாடு வந்து வழவழப்பாக்கியது. அந்த நீரும் சும்மா வரவில்லை. பெட்ராவில் வாழ்ந்த நபத்தேயர் சிக்கின் வாயில் அணை கட்டி, பாறையைக் குடைந்து வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட வேண்டியிருந்தது. சிக்கை விடர் என்று சொல்லுங்கள், நானும் கூடச் சேர்ந்து சொல்வேன். அரிசோனாவில் ஆண்டிலோப் கேன்யனை அப்படிச் சொல்ல மாட்டேன். அங்கே விரிசல் வெறும் சாக்கு, அறுத்தது நீர். இரண்டுக்கும் வெவ்வேறு பிறப்பு, அதனால் வெவ்வேறு பெயர். தமிழில் சொல் பஞ்சமா என்ன, இரண்டையும் ஒன்றில் அடைக்க?

மூன்றாவது தடை எளிது. விடர் என்று சொன்னால் பத்தில் ஒன்பது பேர் “அப்படி என்றால்?” என்று கேட்பார்கள். கேட்காமலே புரிகிற சொல் இருக்கும்போது, கேட்க வைக்கும் சொல்லைப் பிடித்துத் தொங்குவது தூய்மை இல்லை, வீம்பு.

கேட்காமலே புரிகிற சொல் இடுக்கு. கதவிடுக்கு, பல்லிடுக்கு, இண்டு இடுக்கு. குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போகிறோம். இடுகுதல் என்றால் ஒடுங்குதல். ‘ஆகாறு அளவிட்டி தாயினும்’ என்று வள்ளுவர் வருவாய் வழியின் குறுக்கத்தை ‘இட்டிது’ என்றாரே, அதுவும் இந்த உறவுதான். நண்பர் உதட்டைப் பிதுக்கினார். “பல்லிடுக்கில் பாக்கு மாட்டுவதற்குச் சொல்லும் சொல்லை முப்பது மீட்டர் ஆழத்துக்குச் சொல்வதா? கம்பீரம் வேண்டாமா?”

நான் எதிர்பார்த்த கேள்வி. இடுக்கி மாவட்டத்துக்கு ஏன் அந்தப் பெயர்? மலையாளத்தில் இடுக்கு என்றால் குறுகிய மலைச்சந்து. குறவன், குறத்தி என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவே பெரியாறு நெருக்கிக்கொண்டு பாயும் அந்தச் சந்தின் பெயரே மாவட்டத்துக்கு ஆனது. அங்கேதான் வளைவு அணையைக் கட்டினார்கள். பக்கத்து மொழி ஓர் ஆற்று நெருக்கத்துக்கு இந்தச் சொல்லைப் போட்டு ஒரு மாவட்டத்தையே தூக்கி நிறுத்தியிருக்கிறது. நமக்குக் கம்பீரம் குறைகிறதாம். தமிழிலும் மலையிடுக்கு என்று எழுதுவது புதிதில்லை. ஸ்லாட் கேன்யனுக்குப் பாறையிடுக்கு என்று எழுதுங்கள், திரும்பத் திரும்ப வரும்போது இடுக்கு என்று சுருக்குங்கள். அங்கே நடக்கிறவர்களும் கேன்யனை விட்டுவிட்டு ‘ஸ்லாட்’ என்றுதான் சொல்கிறார்கள். நமக்கு மட்டும் வால் எதற்கு?

இதில் நீர் எங்கே என்று கேட்கலாம். நியாயம்தான். நீர் அறுத்த இடம் என்பதை இடுக்கு தன்னளவில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய இடத்தில் ‘நீரிடுக்கு’ என்று சொல்லலாம். நான் அதற்கும் தயார். ஏனென்றால் நீர்தான் அங்கே ஆளைக் கொல்வது. ஆண்டிலோப்பில் மேல், கீழ் என்று இரண்டு இடுக்குகள். 1997 ஆகஸ்ட் 12 அன்று கீழ் ஆண்டிலோப்பில் 11 சுற்றுலாப் பயணிகள் வெள்ளத்தில் போனார்கள். அவர்கள் நின்ற இடத்தில் மழை என்று சொல்லும்படி எதுவும் பெய்யவில்லை. பல மைல் தள்ளிக் கொட்டிய இடிமழை ஓடைவழியே வந்து சேர்ந்தது. அப்போது அங்கே இருந்த மர ஏணிகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. இப்போது பாறையில் முடுக்கிய இரும்புப் படிகள். வழிகாட்டி இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை. யூட்டாவின் பக்ஸ்கின் கல்ச் என்ற இடுக்கில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்தால், தலைக்கு வெகு உயரத்தில் மரக்கட்டைகள் குறுக்காக மாட்டிக்கொண்டு நிற்கும். யாரும் ஏறிப்போய் வைத்ததில்லை. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்துபோனது என்று பொருள். பள்ளத்தாக்கு என்று கேட்டுவிட்டுப் போகிறவர், மழை வந்தால் ஒதுங்க மரத்தடி இருக்கும் என்றல்லவா நினைப்பார்?

இந்த விஷயத்தில் அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோ மக்கள் தெளிவாக இருந்திருக்கிறார்கள். ஆண்டிலோப் இருப்பது அவர்கள் நிலத்தில். மேல் இடுக்குக்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘ட்சே பிகானிலீனி’: பாறைகளின் ஊடே நீர் ஓடும் இடம். குறுக்கமும் இருக்கிறது, நீரும் இருக்கிறது, எச்சரிக்கையும் இருக்கிறது. நம் ஆவணப்படம் இந்தப் பெயரைச் சொல்லவே இல்லை. மாறாக ஆண்டிலோப்பை ‘மான் பள்ளத்தாக்கு’ என்று பெயர்த்திருந்தது. ஊர்ப்பெயரைப் பெயர்க்கக் கூடாது என்பது மொழிபெயர்ப்பின் அரிச்சுவடி. பெயர்த்தே தீருவேன் என்றால் அந்த மண்ணின் பெயரையாவது பெயர்த்திருக்கலாம்.

மலையேற்றம் பற்றி ஒரு வார்த்தை. ஹைக்கிங் என்று எங்கே கண்டாலும் மலையேற்றம் என்று போட்டுவிடுகிறார்கள். இடுக்கில் நீங்கள் மலையின் மேல் போவதில்லை, மலைக்குள் போகிறீர்கள், பல சமயம் கீழே இறங்குகிறீர்கள். யூட்டாவில் சயான் பூங்காவின் நேரோஸ் என்ற இடுக்கில் முழங்கால், சில சமயம் இடுப்பு அளவுத் தண்ணீரில் ஆற்றுக்குள்ளேயே நடக்க வேண்டும். அங்கே பாதை என்று தனியாக ஒன்று கிடையாது, ஆறுதான் பாதை. ஆறு என்ற சொல்லுக்கே தமிழில் வழி என்றும் பொருள் இருப்பது இந்த ஓர் இடத்தில் எவ்வளவு பொருத்தம்! ‘நடைபயணம்’ என்றால் கொடியும் கோஷமும் நினைவுக்கு வருகிறது. ‘இடுக்கு நடை’ என்று சொன்னால் போதும். நடை என்ற இரண்டெழுத்துக்கு என்ன குறை?

இதையெல்லாம் சுருக்கி அந்தப் படத்துக்குத் தமிழ் வசனம் செய்தவர்களுக்கு எழுதினேன். நான்கு நாளில் பதில் வந்தது, மரியாதையாகவே. என் ஆலோசனையை ஏற்றுக்கொண்டதாகவும், குறுகலான இடம் என்பது பார்வையாளருக்குத் தெளிவாகப் புரிய வேண்டும் என்பதில் தங்களுக்கும் உடன்பாடு என்றும் சொல்லியிருந்தார்கள். அடுத்த பகுதியைப் பார்த்தேன். ‘குறுகிய துளைப் பள்ளத்தாக்கு’ என்று திருத்தியிருக்கிறார்கள்.