ஆல்டிட்யூட் டைவிங்: சொல்லும் பொருளும்

மலை ஏரியில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மூழ்குவதற்கு ஆல்டிட்யூட் டைவிங் என்று பெயர். எந்த உயரத்திலிருந்து அப்படிச் சொல்லலாம் என்றால், கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டர் என்பது பயிற்சி நிறுவனங்கள் பரவலாக வைத்திருக்கும் கோடு.

'ஆல்டிட்யூட்' லத்தீன் மொழியின் 'ஆல்டுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் வினையில் பிறந்த சொல் அது. வளர்ந்தது, அதனால் உயர்ந்தது. வேடிக்கை என்னவென்றால், லத்தீன்காரர்கள் ஆழத்துக்கும் இதே சொல்லைத்தான் வைத்திருந்தார்கள். 'ஆல்டும்' என்றால் ஆழ்கடல். ஸ்பானியத்தில் இன்றும் கரை தெரியாத கடலுக்கு 'ஆல்டா மார்' என்றே பேர். உயரத்தையும் ஆழத்தையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டிய ஒரு வேலைக்கு இதைவிடப் பொருத்தமான மூலச்சொல் கிடைக்காது.

சரி, ஏன் கணக்குப் போடவேண்டும்? ஆழத்தின் அழுத்தத்தில் உடலில் கரையும் நைட்ரஜன், அழுத்தம் சட்டென்று குறைந்தால் குமிழியாகி ஆபத்தாகும். அழுத்தத்தை 'பார்' என்ற அலகில் அளப்பார்கள்; ஆயிரம் மில்லிபார் ஒரு பார். கடலில் 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் சுமார் 2 பார். மேலே வந்தால் 1 பார். பாதியாகிறது. தென்னமெரிக்காவின் டிடிகாகா ஏரி சுமார் 3810 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தமே ஏறக்குறைய 0.64 பார்தான். 10 மீட்டர் இறங்கினால் 1.62 பார். அங்கிருந்து மேலே வரும்போது அழுத்தம் இரண்டரை மடங்கு குறைகிறது. உடலில் கரைந்த நைட்ரஜனைப் பொறுத்தவரை அது கடலில் 15 மீட்டர் ஆழத்திலிருந்து ஏறிவருவதற்குச் சமம். 1968-ல் பிரெஞ்சுக் கடலாய்வாளர் ழாக் கூஸ்தோவின் குழு அந்த ஏரியில் மூழ்கியபோதும் இந்தச் சிக்கல் இருந்தது.

இதைக் கவனிப்பது, மூழ்குபவர் கூடவே கொண்டுபோகும் சிறு கருவியான டைவ் கம்ப்யூட்டரின் வேலை. அதற்கு உயரம் என்று ஒன்று தெரியவே தெரியாது. உள்ளே ஒரு மெல்லிய சிலிக்கான் தகடு, அதன் பின்னால் வெற்றிடம். அழுத்தம் கூடினால் தகடு வளைகிறது, மின்தடை மாறுகிறது, அவ்வளவுதான். நீரில் இறங்கும் முன் அளந்த காற்றழுத்தத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. நீருக்குள் வரும் மொத்த அழுத்தத்திலிருந்து அதைக் கழித்தால் ஆழம். உயரம் என்று திரையில் காட்டுவதெல்லாம் காற்றழுத்தத்தை வைத்துச் செய்த ஊகம். வங்கக் கடலில் புயல் வந்து அழுத்தம் 20 மில்லிபார் இறங்கினால், கடற்கரையில் கிடக்கும் கருவி தான் சுமார் 170 மீட்டர் மேலேறிவிட்டதாக நினைத்துக்கொள்ளும்!

அந்த முதல் அளவு தப்பினால் எல்லாம் தப்பும். கடல் மட்டத்து 1013 மில்லிபாரையே பிடித்துக்கொண்டிருக்கும் கருவியை டிடிகாகாவில் இறக்கினால், முதல் மூன்றே முக்கால் மீட்டர் வரை 'நீரில் இறங்கவே இல்லை' என்று சாதிக்கும். அதனால்தான் கருவியைக் கரையிலேயே ஆன் செய்யச் சொல்கிறார்கள்.

கடலோரத்திலிருந்து வண்டியேறி வந்தவுடன் மூழ்குவதிலும் ஒரு வம்பு உண்டு. உடலில் இருப்பது கீழ்நாட்டு நைட்ரஜன், சுற்றியிருப்பது மலைக்காற்று. மூழ்காமலேயே ஒரு முறை மூழ்கி எழுந்தவர் நிலை. அணைந்திருக்கும்போதும் அவ்வப்போது விழித்து அழுத்தத்தை அளக்கும் கருவிகள் இந்த மாற்றத்தையும் கணக்கில் சேர்க்கின்றன. பல கருவிகளில் ஓடும் கணக்கு ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரத்து மருத்துவர் ஆல்பர்ட் பூல்மன் வகுத்தது. அவர் ஊரைச் சுற்றி மலை ஏரிகள். உயரத்தை மறந்து அவரால் கணக்குப் போட்டிருக்க முடியாது. 'இசட்.எச்.எல்-16' என்ற அதன் பெயரில் முதல் இரண்டு எழுத்தும் சூரிச்சுடையவை.

தமிழில் என்ன சொல்லலாம்? ஸ்கூபாவுக்குத் தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'ஆழ்கடல் நீச்சல்' என்று எழுதுகின்றன. மலை ஏரியில் கடலும் இல்லை, நடப்பது நீச்சலும் இல்லை. இலங்கைத் தமிழில் 'சுழியோடி' இன்றும் செய்தியில் புழங்கும் சொல். கடற்படைச் சுழியோடிகள் என்று சாதாரணமாக எழுதுவார்கள். அதை எடுத்துக்கொள்வதே சரி. 'குத்துயரம்' கேட்டால் முக்கோணம்தான் நினைவுக்கு வரும். 'கடல்மட்ட உயரம்' என்றால் கடல் எவ்வளவு ஏறியது என்ற செய்திபோல் படுகிறது. 'உயர்நிலை' பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. ஆகவே 'உயர்நிலச் சுழியோட்டம்' என்பது என் தேர்வு. கருவி 'சுழியோட்டக் கணினி'. அதன் திரையில் வரும் 'ஆல்டிட்யூட்' வெறும் 'இட உயரம்' என்றிருந்தால் போதும்.

எல்லாக் கருவியும் தானாக அளந்து மாறிக்கொள்வதில்லை. சூண்டோ என்ற ஃபின்லாந்து நிறுவனத்தின் பல மாடல்களில் ஏ0, ஏ1, ஏ2 என்று மூன்று படிகள் உண்டு; போகும் இடத்தைப் பார்த்து நாமே மாற்றவேண்டும். முதல் படி 300 மீட்டர் வரை, அடுத்தது 1500 வரை, கடைசி 3000 வரை. டிடிகாகாவுக்கு அதில் இடமே இல்லை.