பாதியில் விட்ட வேலை ஏன் மனசை விட மாட்டேன் என்கிறது?

"எதையும் முழுசாக முடிக்க முடியவில்லை, பாதியில் கிடக்கும் தையலும் படிப்புமே மண்டைக்குள் ஓடுவதால் பினாங்குக்குப் பெர்ரிப் படகில் போகும்போது கடலைக்கூடப் பார்ப்பதில்லை, அம்மா சனி பார்வை என்கிறார்" என்று பட்டர்வொர்த் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சனிக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. பரிகாரத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் தங்கச்சி.

எழுதிக்கொள்ளாமலே நாலு மேசைக்கு ஆர்டர் எடுக்கும் மாமாக் கடை (தமிழ் முஸ்லிம் உணவகம்) அண்ணன்களைப் பினாங்கில் எல்லாரும் பார்த்திருப்போம். பெர்லினில் புளூமா ஸைகார்னிக் என்ற உளவியலாளர் இந்த மாதிரி நினைவைத்தான் ஆராய்ந்தார். சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்துச் சிலவற்றைப் பாதியில் தடுத்தார். தடுக்கப்பட்டவையே நன்றாக நினைவிருந்தன என்று 1927இல் எழுதினார். பிறகு அந்தச் சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே முடிவு சீராகக் கிடைக்கவில்லை. ஆனால் இன்னொரு உளவியலாளர் மரியா ஒவ்சியான்கினா 1928இல் சொன்னது நிற்கிறது: யாரும் சொல்லாமலே ஆட்கள் பாதி வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள்.

சரி, கடல் ஏன் கண்ணில் படவில்லை? மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்திருக்கக்கூடியது ஏறக்குறைய 4 விஷயங்கள்தான், முடியாத வேலைகள் அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டால் எதிரே இருப்பது உள்ளே வராது.

எனக்கு ரொம்பப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். மசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள், முடியாத வேலைகளை நினைக்க வைத்துவிட்டு ஆட்களை ஒரு நாவல் படிக்கச் சொன்னார்கள். எதிர்பார்த்தபடியே கவனம் சிதறியது. இன்னொரு குழுவினர் மட்டும் படிப்பதற்கு முன்னால் அந்த வேலையை எப்படிச் செய்து முடிப்போம் என்று திட்டம் போட்டிருந்தார்கள், அவர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை! வேலை ஒரு அங்குலமும் நகரவில்லை, அப்படியே கிடக்கிறது, ஆனாலும் எப்போது எப்படி என்று தெரிந்ததுமே மனம் பிடியை விட்டுவிடுகிறது. அதாவது அது நச்சரித்தது வேலை முடியவில்லை என்பதற்காக மட்டும் இல்லை, அடுத்து என்ன செய்வது என்று முடிவாகவில்லையே என்பதற்காகவும்தான். 2011இல் வெளிவந்த ஆய்வு இது, இன்றைக்கும் எடுத்துப் படித்தால் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

அதனால் தங்கச்சி, "தையலை முடிக்கணும்" என்று எழுதாதீர்கள். "சனிக்கிழமை பசாருக்குப் போய் வந்ததும் சட்டையின் இடது கையை மட்டும் தைப்பேன்" என்று எழுதுங்கள், அப்புறம் பெர்ரி ஏறுங்கள். ஆனால் ஒப்புக்கு எழுதக் கூடாது: அந்த ஆய்வில் கவனச் சிதறல் குறைந்தவர்கள், போட்ட திட்டத்தைப் பிறகு நிஜமாகவே செய்து முடித்தவர்கள்தான்.