தெளிந்த வானில் ஒரு பின்சுழல்

பெரிய விமானம் இறங்கிய தடத்திலேயே பின்தொடர்ந்து வரும் விமானம் சட்டென ஒரு பக்கமாகச் சாய்ந்தால், முன்னே சென்றதன் எஞ்சின் வெளித்தள்ளிய காற்றுதான் காரணம் என்று எண்ணத் தோன்றும். ஒரு காலத்தில் விமானிகளே அப்படித்தான் எண்ணினார்கள். உண்மையில், விமானத்தை வானில் தாங்கும் இறக்கைகளே இந்தப் பின்சுழலை, அதாவது 'வேக் டர்புலன்ஸை', உண்டாக்குகின்றன.

பறக்கும்போது இறக்கையின் அடிப்புறத்தில் காற்றழுத்தம் கூடுதலாகவும் மேற்புறத்தில் குறைவாகவும் இருக்கும். இறக்கை முடியும் இடத்தில் இவ்விரண்டையும் பிரித்துவைக்க எதுவும் இல்லாததால், அடிப்புறக் காற்று நுனியைச் சுற்றிக்கொண்டு மேலேறுகிறது. விமானம் முன்னேற முன்னேற, அந்தச் சுற்று முறுக்கிய கயிறுபோல் பின்னால் நீள்கிறது. பின்னாலிருந்து பார்த்தால் இடப்பக்கச் சுழல் கடிகார முள்ளின் திசையிலும், வலப்பக்கச் சுழல் அதற்கு எதிராகவும் சுழலும். எடை கூடக்கூடவும் வேகம் குறையக் குறையவும் சுழல் வலுக்கும் என்பதால், தரையிறங்க மெதுவாக வரும் கனத்த விமானம் வலுவான சுழல்களை விட்டுச் செல்கிறது.

இந்த இரட்டைச் சுழல்கள் ஒன்றையொன்று கீழே அழுத்தி, நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 முதல் 500 அடி வரை தாழ்கின்றன. ஆகவே அதே 3 பாகைச் சரிவில் பின்னால் வரும் விமானம் பெரும்பாலும் அவற்றுக்கு மேலாகவே கடந்துவிடும். சிக்கல் கடைசி ஒரு கிலோமீட்டரில்தான். அங்கே சுழல்கள் தாழ்வதற்கு இடமில்லை. தரையை நெருங்கியதும் அவை 2 அல்லது 3 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) வேகத்தில், அதாவது மனிதர் நடக்கும் வேகத்தில், ஆளுக்கொரு பக்கமாக விலகுகின்றன. பக்கவாட்டிலிருந்து அதே அளவு மெல்லிய காற்று வீசினால், காற்று வரும் திசைநோக்கி நகர வேண்டிய சுழல் நகர முடியாமல் ஓடுதளத்தின் மேலேயே நின்றுவிடுகிறது. பலத்த காற்று சுழலைச் சிதைத்துவிடும். அமைதியான காற்றோ அதை நெடுநேரம் வாழவைக்கும். பயணிகள் நிம்மதியாக ஜன்னல் வழியே வேடிக்கை பார்க்கும் நாள்தான் இந்த வகையில் மோசமான நாள்.

சுழலுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்பதை இறக்கையின் நீளமே பெரிதும் தீர்மானிக்கிறது. நீண்ட இறக்கையின் நுனிகள் சுழலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால், அங்குள்ள ஏலரான்களை, அதாவது விமானத்தைச் சாய்க்கவும் நிமிர்த்தவும் உதவும் அசையும் தகடுகளைக், கொண்டு சாய்வை எதிர்க்க முடியும். குட்டை இறக்கை முழுவதுமே சுழலுக்குள் அகப்பட்டுக்கொண்டால், விமானி கட்டுப்பாட்டுச் சக்கரத்தை எதிர்ப்பக்கம் முழுமையாகத் திருப்பிய பின்னும் விமானம் சாய்ந்துகொண்டே போகலாம். உயரத்தில் இருந்தால் மீள நேரம் உண்டு. 60 மீட்டரில் அது கிடையாது. 1972 மே 30 அன்று டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில், பயிற்சிக்காக இறங்கிக்கொண்டிருந்த டிசி-9 விமானம், முன்னே சென்ற டிசி-10 விமானத்தின் சுழலில் சிக்கி நொறுங்கியதில் நால்வர் இறந்தனர்.

கட்டுப்பாட்டாளர்கள் விமானங்களுக்கிடையே கட்டாய இடைவெளி விடுவது இதனால்தான். சர்வதேச வகைப்பாட்டில் 136 டன்னும் அதற்கு மேலும் எடையுள்ளவை 'ஹெவி'. அவற்றின் பின்னால் நடுத்தர விமானம் 5 கடல்மைல் தள்ளி வர வேண்டும். 140 நாட் வேகத்தில் அது இரண்டு நிமிடத்துக்குச் சற்றே கூடுதல். ஏர்பஸ் ஏ380 என்றால் 7 கடல்மைல். எடையை மட்டும் வைத்துக் கோடு கிழிப்பது போதாது என்பதைப் போயிங் 757 காட்டியது: ஹெவி வரம்புக்குக் கீழே இருந்தும் அதன் பின்சுழலில் சிறு விமானங்கள் சிக்கியதால், 1994-இல் அமெரிக்கா அதற்கெனத் தனி இடைவெளியை வகுத்தது.

எஞ்சியது விமானியின் கையில். கண்பார்வையில் இறங்கும் சிறு விமானத்தின் விமானி, முன்னே சென்ற விமானத்தின் பாதைக்குச் சற்று மேலாகவே வந்து, அதன் சக்கரங்கள் தரையைத் தொட்ட இடத்தைத் தாண்டி இறங்குவார். சக்கரங்கள் தரையைத் தொட்டு, இறக்கை சுமையைக் கைவிட்ட பிறகு சுழல் உருவாவதில்லை. கருவிகளின் துணையோடு நிலையான சரிவில் வரும் பெரிய விமானத்துக்கு அந்த வசதி இல்லை என்பதால், சாய்வு தொடங்கியதுமே விசையைக் கூட்டி, இறங்கும் முயற்சியைக் கைவிட்டு மேலே ஏறுவதுதான் அதன் விமானிக்குரிய வழி.