கனடாவின் பழைய சென்ட்: அச்சின் வாழ்க்கையைக் காசில் படிப்பது

1859 என்று பொறித்த கனடிய வெண்கலச் சென்ட் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வழியே பார்த்தால், அவை பெரும்பாலும் ஒத்துப்போவதில்லை. ஒன்றில் கடைசி இலக்கமான 9 அகன்றிருக்கும், மற்றதில் ஒடுங்கியிருக்கும். ஒன்றின் இலைக்கொடியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு மயிரிழை அளவிலான மேட்டுக் கோடு ஒன்று ஓடும், மற்றதில் அந்த இடம் சுத்தமாக இருக்கும். இரண்டும் ஒரே நாணயச்சாலையில், ஒரே வடிவமைப்பில் அடிக்கப்பட்டவைதான். வேறுபாடு காசில் பிறந்ததல்ல. அதை அடித்த எஃகு அச்சில் பிறந்தது. இத்தகைய அச்சு வேறுபாடுகளைத் தேடிச் சேர்ப்பது நாணயச் சேகரிப்பில் தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது, அதற்குக் கனடாவில் 1920 வரை அடிக்கப்பட்ட பெரிய அளவுச் சென்ட்டைப் போல வளமான களம் அரிது.

இன்றைய ஒன்டாரியோ, கியூபெக் மாநிலங்களின் தென்பகுதிகளைக் கொண்டிருந்த கனடா மாகாணம் 1858-இல் டாலர், சென்ட் கணக்குக்கு மாறியபோது, லண்டனிலுள்ள ராயல் மின்ட்டில் ஒரு கோடி சென்ட் அடிக்கப்பட்டது. அதில் 1858 என்று தேதியிட்டவை 4,21,000 மட்டுமே. மீதி 95,79,000 காசுகளும் 1859 என்ற தேதியைத் தாங்கின. லியோனார்ட் சார்ல்ஸ் வயன் வடிவமைத்த அந்தக் காசின் முன்பக்கத்தில் வாகை மாலை சூடிய இளம் விக்டோரியாவும், பின்பக்கத்தில் வளைந்து வளைந்து செல்லும் கொடியில் 16 மேப்பிள் இலைகளும் இருந்தன. குறுக்களவு சரியாக ஓர் அங்குலம், அதாவது 25.4 மில்லிமீட்டர், நூறு காசு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை, அதாவது காசு ஒன்றுக்கு 4.54 கிராம். அளவுகோலாகவும் எடைக்கல்லாகவும் உதவும் என்று கணக்குப் போட்டுச் செய்த காசு, ஆனால் வங்கிகள் வெளியிட்ட கனத்த செப்பு வில்லைகளுக்குப் பழகிய மக்களுக்கு அது மெலிந்ததாகப்பட்டது, யாரும் விரும்பவில்லை. அடித்த இருப்பே பல ஆண்டுகளுக்குப் போதுமானதாக இருந்ததால், அடுத்த சென்ட் 1876-இல்தான் வந்தது. பர்மிங்காமின் ஹீட்டன் நாணயச்சாலை அடித்த அதன் எடை 5.67 கிராம், அளவுகோலைக் காப்பாற்றிக்கொண்டு எடைக்கல்லைக் கைவிட்டுவிட்டார்கள்.

ஒரு கோடி காசை ஓர் இணை அச்சால் அடிக்க முடியாது என்பதில்தான் கதை தொடங்குகிறது. செதுக்குபவர் உருவாக்கும் மூல அச்சிலிருந்து, படம் மேடாக எழும்பிய ஒரு புடைப்பு அச்சை எடுப்பார்கள். அதை மென்மையான எஃகுத் துண்டுகளில் அழுத்தி, படம் குழியாகப் பதிந்த வேலை அச்சுகளைத் தயாரிப்பார்கள். காசை அடிப்பவை இந்த வேலை அச்சுகள்தான். ஒரே அழுத்தத்தில் முழு ஆழமும் பதியாது. அழுத்தும்போதே எஃகு இறுகிவிடுவதால், அதைச் சூடாக்கி மெல்ல ஆறவிட்டு மறுபடி இளக்கி, மீண்டும் அதே இடத்தில் அழுத்த வேண்டும். அந்த "அதே இடம்" இம்மி பிசகினாலும் எழுத்துகள் இரட்டையாகும். பதிவு மங்கிய எழுத்துகளையும் இலைக் காம்புகளையும் கையால் பஞ்ச் எனப்படும் எஃகு முளை வைத்துக் குத்தியோ, கீறியோ சரிசெய்வார்கள். தேதியின் கடைசி இலக்கமும் இப்படித் தனியாகக் குத்தப்பட்டதுதான். கை வைத்த ஒவ்வொரு இடமும் அந்த அச்சுக்கு மட்டுமே உரிய அடையாளமாகிவிடுகிறது.

1859-இன் அகன்ற 9 இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. மிஞ்சியிருந்த 1858 அச்சுகளை வீணாக்காமல், அவற்றின் 8-இன் மேலேயே 9-ஐக் குத்தினார்கள். கடினமாக்கிய எஃகில் இலக்கம் குத்த முடியாது. ஆகவே அவை கடினமாக்கப்படாமல் இருந்தவையாகவோ, மறுபடி இளக்கப்பட்டவையாகவோதான் இருந்திருக்க வேண்டும். 8-இன் கீழ் வட்டத்தின் இடது வளைவை 9-இன் உடல் மறைப்பதில்லை என்பதால், தேடுபவர் கண் போக வேண்டிய இடம் 9-இன் கீழ் இடது பக்கம். அங்கே பழைய இலக்கத்தின் மிச்சம் தேய்மானம் குறைந்த காசுகளில் தெளிவாகவே தெரியும். ஒடுங்கிய 9 கொண்ட அச்சுகளிலும் முதல் குத்து கோணலாகி, அதன்மேல் திருத்திக் குத்திய இரட்டைக் குத்துகள் உண்டு. இவற்றை 8-இன் மேல் குத்திய 9 என்று எண்ணிவிடுவது எளிது. மிச்சக் கோட்டின் வளைவு 8-க்குப் பொருந்துகிறதா, இன்னொரு 9-க்குப் பொருந்துகிறதா என்று பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

லென்ஸை எடுத்ததும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, காணும் குறி மேடா, பள்ளமா என்பதுதான். கொழுக்கட்டை அச்சில் கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு கொழுக்கட்டையிலும் மேடாகத்தான் எழும்பும். பிடித்துவைத்த கொழுக்கட்டையில் நகம் பட்டால் பள்ளம் விழும். காசிலும் அப்படியே: மேட்டுக் கோடு அச்சின் வரலாறு, பள்ளக் கோடு அந்தக் காசு கைமாறித் திரிந்த வரலாறு. பள்ளக் கீறலை "அரிய வகை" என்று எண்ணி ஏமாறாமலிருக்க இந்த ஒரு சோதனை போதும்.

மேட்டுக் கோடுகளில் முக்கியமானது அச்சு விரிசல். வேலை அச்சை உறுதியாக்க, செஞ்சூடாக்கிச் சட்டென்று குளிர்விப்பார்கள். அப்போது எஃகின் அணு அடுக்கு மார்ட்டென்சைட் எனப்படும் மிகக் கடினமான அமைப்புக்கு மாறுகிறது. அந்த அமைப்பு முன்னதைவிடச் சற்று அதிக இடம் பிடிப்பது, அதோடு எளிதில் நொறுங்கவும் கூடியது. அச்சின் எல்லாப் பகுதிகளும் ஒரே கணத்தில் குளிர்வதில்லை என்பதால், விரிவு சீராக இல்லாமல் உள்ளே விசைகள் சிக்கிக்கொள்கின்றன. மிதமாகச் சூடேற்றிப் பதப்படுத்தினால் அவை குறையுமே தவிர முற்றாக நீங்குவதில்லை. பிறகு ஆயிரக்கணக்கான அடிகள் விழுகின்றன. எழுத்துகளின் கூரிய முனைகளில் விசை குவிவதால் விரிசல் அங்கே பிறந்து, பல காசுகளில் எழுத்தின் தலையிலிருந்து அடுத்த எழுத்தின் தலைக்குத் தாவிச் செல்லும். விரிசலுக்குள் வெண்கலம் நுழைந்து காசில் மெல்லிய மேடாகிறது. விளிம்பருகே ஒரு துண்டே உடைந்து விழுந்துவிட்டால், காசில் அவ்விடம் உருவமற்ற திட்டாக எழும்பும். 95% செம்பும் 4% தகரமும் 1% துத்தநாகமும் கலந்த வெண்கலம் தூய செம்பைவிடக் கடினமானது. பிரிட்டன் தன் பென்னியையே 1860-இல்தான் செம்பிலிருந்து வெண்கலத்துக்கு மாற்றியது. கனடாவின் சென்ட் அதற்கு முந்தியது என்பதால், அதன் அச்சுகள் பட்ட பாட்டுக்கு இந்தக் கடினத்தன்மையும் ஒரு காரணம் என்று கொள்வது பொருத்தமே.

மற்றொரு காயம் மோதல் தடம். அச்சுகளுக்கு இடையே வெற்று வில்லை வந்து விழாமல் போனால், எஃகும் எஃகும் நேரடியாக மோதிக்கொள்ளும். அச்சில் படம் குழிந்தும் வெற்றுப் பரப்பு உயர்ந்தும் இருப்பதால், மோதுவது வெற்றுப் பரப்புகள்தான். ஆகவே எதிர் அச்சில் பதிவது அரசியின் முகமல்ல, முகத்தின் வரம்பு. பின்பக்கத்தில் தேதிக்கு அருகே காரணமில்லாத ஒரு வளைவு தெரிந்தால், அது கழுத்தின் வரம்பாக இருக்குமா என்று காசைத் திருப்பிப் பொருத்திப் பார்க்க வேண்டும்.

இவற்றைக் கொண்டு காலவரிசையை மீட்பதுதான் இந்தத் துறையின் உண்மையான ருசி. விரிசல் வளருமே தவிர மூடிக்கொள்ளாது. மோதல் தடத்தையோ அச்சைத் தேய்த்து மெருகிட்டு அகற்ற முடியும். எனவே இரண்டில் விரிசலே நம்பகமான கடிகாரம். ஒரு முன்பக்க அச்சு முதலில் ஒரு பின்பக்க அச்சோடும், அந்தப் பின்பக்க அச்சு உடைந்த பின் இன்னொன்றோடும் இணைந்து வேலை செய்திருக்கும். முதல் இணையின் காசுகளில் குட்டையாக இருக்கும் அதே விரிசல், இரண்டாம் இணையில் விளிம்பைத் தொட்டிருந்தால், எது முந்தியது என்பதில் ஐயமில்லை. இப்படி ஓர் அச்சிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவி, எழுத்துப் பதிவு ஏதும் இல்லாமலேயே நாணயச்சாலையின் வேலை ஒழுங்கைத் தொடுத்துவிடலாம். தேதி இலக்கத்தைவிட விரிசலின் சாட்சியம் வலுவானது.

எச்சரிக்கையாகப் பிரிக்க வேண்டியவையும் உண்டு. அடித்த கணத்தில் அச்சு அதிர்ந்து காசின் மேல் உரசினால், எழுத்தின் ஓரம் நசுங்கித் தட்டையான படிக்கட்டுப்போல் ஒதுங்கும். இது அச்சில் பதிந்த குணமல்ல, அடுத்த காசில் அதே போல் இருக்க வேண்டியதில்லை. உண்மையான மறுகுத்தில், அதாவது அச்சில் இரண்டாம் முறை குத்தியதில், இரண்டாம் உருவுக்கும் தனி முனையும் உருண்ட மேடும் உண்டு. களைத்த அச்சில் எழுத்துகள் தடித்து, பரப்பில் மையத்திலிருந்து விளிம்பை நோக்கிக் கதிர்போல ஓட்டக் கோடுகள் விழும். வெண்கலம் திரும்பத் திரும்ப வெளிநோக்கி வழிந்து அச்சை அரித்ததன் அடையாளம் அது. காசைப் பக்கவாட்டு ஒளியில் மெல்லச் சுழற்றிப் பார்ப்பதும், தேதி இலக்கத்தின் முனை அதைச் சுற்றியுள்ள மணிவட்டத்தின் மணிகளில் எதற்கு நேராக வருகிறது என்று குறித்துக்கொள்வதும் பாதி வேலையை முடித்துவிடும். புளி போட்டுத் தேய்க்க மட்டும் கூடாது. மெல்லிய கோடுகள் முதலில் போவது அதில்தான்.

பிற்காலச் சென்ட்டுகளில் தேட வேண்டியது வேறு. 1891-இல் இலைகள் பெரிதாகவும் சிறிதாகவும், தேதியும் பெரிதாகவும் சிறிதாகவும் வெவ்வேறு அச்சுகள் வந்தன. பெரிய தேதியும் சிறிய இலைகளும் சேர்ந்த காசே அவற்றில் அரியது. இதற்கு லென்ஸ்கூட வேண்டாம், நல்ல வெளிச்சம் போதும். 1908-இல் ஒட்டாவாவில் நாணயச்சாலை திறக்கப்பட்டு, 1920-இல் பெரிய சென்ட் நின்று சிறிய சென்ட் வந்தது. தொடங்குபவர் 1859-இலிருந்தே தொடங்கலாம்: ஏராளமாக அடிக்கப்பட்டதால் தேய்ந்த பிரதிகள் இன்றும் தாராளமாகக் கிடைக்கின்றன, விற்பவர்கள் சிலர் 9-இன் வடிவத்தைக்கூடப் பார்ப்பதில்லை.