நத்தை தின்னும் மீனும் தீராத பாசியும்

கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தில் வீடுகளிலும் மருத்துவமனை வரவேற்பறைகளிலும் இருக்கும் கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பது என் தொழில். வருகிற அழைப்புகளில் பெரும்பாலானவை பாசியைப் பற்றியவை. அவற்றில் ஒரு வகையை முதல் வாக்கியத்திலேயே கண்டுகொள்வேன்: "பாசியை மேயப் போன மாதம் விட்ட நத்தை எல்லாம் தீர்ந்துவிட்டதுங்க, இன்னும் இருபது கொடுத்தனுப்புங்கள்." நத்தை என்ன மளிகைச் சாமானா, மாதம் பிறந்ததும் தீர்ந்துபோக? தொட்டிக்குள் அதைத் தின்கிற வாய் ஒன்று இருக்கிறது.

திருப்பூரில் பனியன் தொழில் செய்யும் ஒருவர் வீட்டில் அந்த வாயை நேரிலேயே பார்த்தேன். ஆறடித் தொட்டி. உள்ளே ஹார்லெக்வின் டஸ்க் என்ற ராஸ் வகை மீன். ஆரஞ்சுப் பட்டைகள், நீலம் பாய்ந்த பற்கள். கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த டர்போ நத்தையை மூக்கால் நெம்பிக் கீழே தள்ளியது. மல்லாந்து விழுந்த நத்தை நிமிர்வதற்குள் அதன் விளிம்பைக் கவ்விக்கொண்டு ஒரு பாறை முனைக்குப் போனது. தலையை இடமும் வலமும் வீசி ஓட்டைப் பாறையில் அடித்தது. 'டக் டக்' என்ற சத்தம் கண்ணாடிக்கு வெளியே தெளிவாகக் கேட்டது. வீட்டுக்காரர் அதுவரை அதை மோட்டார் சத்தம் என்று நினைத்திருந்தார்.

பேத்தை (பஃபர்), கிளாத்தி (டிரிகர்) மீன்கள், பெரிய ராஸ் வகைகள் எல்லாமே ஓடுடைய உயிர்களை உடைத்துத் தின்னப் பிறந்தவை. பேத்தையின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்கின்றன. கடினமான இரையைக் கடித்தால்தான் தேயும். ஆகவே மீன் மேல் குற்றமில்லை. சிறிய ராஸ் மீன்கள் நன்மையும் செய்கின்றன. மற்ற நத்தைகளின் மேல் ஒட்டிக்கொண்டு சாறு உறிஞ்சும் குட்டிப் பிரமிடு நத்தைகளைப் பொறுக்கித் தின்பவை அவைதாம். ஆசைப்பட்டு வாங்கிய மீனை விரட்டச் சொல்லும் கடைக்காரர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கணக்கு ஒன்று இருக்கிறது. பாதி தின்று விட்ட நத்தை பாறை இடுக்கில் அழுகி அம்மோனியா ஆகிறது. அம்மோனியா நைட்ரேட் ஆகிறது. நைட்ரேட் பாசிக்கு உரம். பாசியைத் தின்னக் காசு கொடுத்து வாங்கியது பாசிக்கே உரமாகப் போகிறது. நத்தை வேண்டும் என்றே பிடிவாதமாக இருந்தால், மீனின் வாயைவிடப் பெரியதாக வாங்கி, விளக்கணைத்து ராஸ் மணலுக்குள் புதைந்து உறங்கிய பிறகு விடலாம். நத்தைகளும் இரவில்தான் மும்முரமாக மேயும். சிறிய ராஸ் உள்ள தொட்டியில் இது ஓரளவு பலிக்கும். கிளாத்தியிடமும் பேத்தையிடமும் சில நாள் தவணைதான் கிடைக்கும்.

நான் முதலில் கேட்பது தண்ணீரைப் பற்றித்தான். கொங்கு நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. எனவே எல்லோரும் செயற்கைக் கடலுப்பைக் கரைத்தே தொட்டி வைக்கிறோம், அல்லது கொச்சிப் பக்கமிருந்து கேன்களில் கடல்நீர் வரவழைக்கிறோம். "எங்கள் போர்வெல்லில் வருவதே உப்புத் தண்ணீர்தானே, அதிலேயே கரைத்தால் உப்புச் செலவு குறையாதா?" என்று கேட்டவர்கள் உண்டு. போர்வெல் தண்ணீரின் உப்பு வேறு, கடலின் உப்பு வேறு. நம் ஊர் நிலத்தடி நீரில் கடினத்தன்மையோடு நைட்ரேட்டும் சிலிக்கேட்டும் கரைந்து வரலாம். சிலிக்கேட்டைத்தான் பழுப்புப் படலமாகப் படரும் டயாட்டம் என்ற நுண்பாசி விரும்பி உண்கிறது. சிறுவாணித் தண்ணீர் குடிக்க அமிர்தம். அதற்காக அதை அப்படியே பவளத் தொட்டியில் ஊற்ற முடியாது.

ஆர்.ஓ. வைத்திருக்கிறோமே என்பார்கள். வீட்டுக் குடிநீர் ஆர்.ஓ. கருவிகள் பலவற்றில், சுவைக்காக மூலத் தண்ணீரைக் கொஞ்சம் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று உண்டு. மீட்டரை வைத்துப் பார்த்தால் டி.டி.எஸ்., அதாவது நீரில் கரைந்திருப்பவற்றின் அளவு, 60, 80 என்று நிற்கும். தொட்டிக்கு வேண்டியது பூஜ்யம். அதற்கு ஆர்.ஓ.வுக்குப் பின்னால் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. ரெசின் குழாய் ஒன்றும் வேண்டும். கோடையில் தொட்டியைக் குளிர்விக்க மின்விசிறி ஓடும்போது தினமும் லிட்டர் கணக்கில் நீர் ஆவியாகிறது. ஆவியாவது வெறும் நீர் மட்டுமே. அதில் கரைந்திருந்தது எல்லாம் உள்ளேயே தங்கும். ஈடுகட்ட ஊற்றும் தண்ணீரில் இருக்கும் கொஞ்ச நஞ்சமும் நாளுக்கு நாள் சேர்ந்துகொண்டே போகும். சித்திரை முடிவதற்குள் முடிப்பாசி பாறையைப் போர்த்திவிடுவதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

அடுத்தது தீனி. உறைந்த இறால் கட்டியை அப்படியே போடாமல், வலைக்கரண்டியில் உருகவிட்டு, கலங்கிய நீரை வடித்த பிறகு போடுங்கள். விருந்தினர் வரும்போதெல்லாம் வேடிக்கைக்காகத் தீனி தூவும் வழக்கத்தை யாராவது நிறுத்தியாக வேண்டும். நைட்ரேட் 5 முதல் 10 பி.பி.எம்., பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரை இருந்தால் போதும். பூஜ்யத்துக்குக் கொண்டுபோகிறேன் என்று மருந்து மேல் மருந்து ஊற்றினால் பவளம் வெளுக்கும், டைனோ என்ற சளிப்படலம் கிளம்பும். பாசியே தேவலை என்றாகிவிடும். சம்ப் என்ற துணை வடிகட்டுத் தொட்டியில் ஓர் அறையை ஒதுக்கி, கீட்டோ என்ற பாசிப் பந்தை இரவில் விளக்கெரித்து வளர்ப்பதுதான் எனக்குப் பிடித்த வழி. வளர்ந்ததைப் பிய்த்து எறியும்போது சத்தும் சேர்ந்து வெளியேறுகிறது. அங்கே எந்த மீன் வாயும் எட்டாது.

மேய்ச்சலுக்கு நத்தைதான் வேண்டும் என்பதும் இல்லை. நாலடிக்கு மேற்பட்ட பெரிய தொட்டியானால் டாங் மீன்கள்: கோலே டாங் கண்ணாடி, பாறை மேலுள்ள மெல்லிய படலத்தைச் சுரண்டும், செயில்ஃபின் இலைப்பாசியைக் கடிக்கும். சிறிய தொட்டிக்கு லான்மோவர் பிளெனி. ஃபாக்ஸ்பேஸ் என்று விற்கப்படும் ஓரா மீன், மற்றவை தொடாத பாசியையும் தின்னும். பசித்தால் பவளத்தையும் கொறிக்கும். அதன் முதுகு முட்களில் நஞ்சு உண்டு. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். கடல் முள்ளெலியும் நன்றாக மேயும், ஆனால் கிளாத்தி இருக்கும் வீட்டில் அதுவும் ஒரு தீனிதான். நன்னீர்த் தொட்டிக்கு விற்கும் பாசிக்கொல்லிப் பாட்டில்களைத் தொடவே வேண்டாம். பலவற்றில் தாமிரம் இருக்கிறது; பாசிக்கு முன்னால் இறாலும் பவளமும் சாகும்.

"பாறையையே மாற்றிவிடுங்கள், ராமேஸ்வரத்திலிருந்து பவளப்பாறை வரவழைத்துத் தருகிறேன்" என்று சில இடைத்தரகர்கள் சொல்வதாகவும் கேள்விப்படுகிறேன். கல் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. உயிரோடு இருந்தாலும் செத்த கல்லானாலும் எடுப்பதும் விற்பதும் குற்றம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. செயற்கைப் பாறை இப்போது தாராளமாகக் கிடைக்கிறது.

மேய எந்த உயிரை விட்டாலும் முதல் அறுவடை நம் கையால்தான். விரல் நீளத்துக்கு வளர்ந்துவிட்ட முடிப்பாசியை டாங் மீன்கள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். கட்டையாக இருந்தால்தான் மேயும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றும்போது, குழாய் வாயைப் பக்கத்தில் பிடித்துக்கொண்டே பாசியைப் பிடுங்குங்கள், பிய்ந்த துணுக்கு தொட்டியில் சிதறாது. பாறையை வெளியே எடுத்துத் தேய்ப்பதானால், அதில் பொத்தான் போன்ற சோவாந்தஸ் என்ற பவள இன உயிர்க் கூட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சில வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தேய்க்காதீர்கள். பாசி சாகட்டும் என்று கொதிநீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். ஆவியோடு எழும் நஞ்சு, சமையலறையில் நிற்கும் எல்லோரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும்.