டைனமோ றேடியோவும் கழற்றிய பல்பும்

போன மாதம் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் ஒரு கலியாண வீடு. மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் வாசலில் சீன வெடிச் சரம் ஒன்றைக் கொளுத்திப் போட்டார்கள். புகை கலைவதற்குள் பந்தலின் பின்பக்கம் ஐம்பது தாண்டிய நாங்கள் ஏழெட்டுப் பேர் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு பழைய கதையைத் தொடங்கிவிட்டோம். யாருடைய புருவம் பொசுங்கியது, யாருடைய கோழிக்கூட்டின் கூரை பறந்தது என்று ஒரே சிரிப்பு. இன்றைக்குப் பேரப்பிள்ளையின் கையில் மத்தாப்புக்கூடக் கொடுக்காத ஆட்கள்தான் அத்தனை பேரும்.

எங்கள் காலத்துக் கதாநாயகன் காபைட், அதாவது கல்சியம் காபைட் கல். பழம் பழுக்க வைப்பவர்களிடம் இருக்கும், வெல்டிங் கடையில் இருக்கும். தண்ணீர் பட்டால் உள்ளிப் பூண்டு நாற்றத்தோடு அசற்றலீன் வாயு வரும். இரசாயனவியல் புத்தகத்தில் இருக்கிற சமன்பாடுதான், மீதியாக வெள்ளைச் சுண்ணாம்பு கிடக்கும். அந்த வாயுவிடம் ஒரு கெட்ட குணம் உண்டு. பெற்றோல் ஆவி காற்றில் ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால்தான் தீப்பற்றும். கொஞ்சம் குறைந்தாலும் பற்றாது, கூடினாலும் பற்றாது. அசற்றலீனுக்கு அந்த எல்லை 2.5 இலிருந்து 80 சதவீதம் வரை போகிறது. அளவு தெரியாத பதின்மூன்று வயதுப் பொடியன் கண்ணை மூடிக்கொண்டு கலந்தாலும் தப்பாமல் வெடிக்கும். எங்களில் ஒருவனுக்கு வலது புருவம் பாதிதான் திரும்பி முளைத்தது. அவன்தான் அன்றைக்குப் பந்தலில் அதிகம் சிரித்தவன்.

வெடி என்றால் என்ன என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லலாம். சூடு ஏற ஏற வினை விரையும், வினை விரைய விரைய இன்னும் சூடு ஏறும். தன்னைத் தானே அடித்துத் துரத்தும் குதிரை அது. நிறுத்த ஆள் இல்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் உயர்தரம் கணிதப் பிரிவு படிக்கிற மருமகன் ஒருவன் இடையில் புகுந்தான். “மாமா, நீங்கள் எல்லாரும் சைக்கிள் டைனமோவில றேடியோ கேட்டனாங்கள் எண்டு சொல்லுறியள். சும்மா கதை விடாதேங்கோ. வேகமா மிதிச்சா றேடியோ எரிஞ்சு போகாதோ?”

நல்ல கேள்வி. என்னுடையது எரிந்தது. ஆனால் ஏன் எரிந்தது என்பதில்தான் முழுச் சுவாரசியமும் இருக்கிறது.

1990 நடுப்பகுதியில் இராணுவத்துக்கும் புலிகளுக்கும் சண்டை மீண்டும் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. மின்சாரம் போனது. வெளியிலிருந்து வரத் தடை செய்யப்பட்ட பொருட்களில் பற்றறியும் ஒன்று. வெடி வாங்கிக் கொளுத்த வேண்டிய தேவையும் இருக்கவில்லை, சத்தம் வானத்திலிருந்தே போதிய அளவு வந்தது. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. பெற்றோல் எந்தக் குளிரிலும் ஆவியாகிப் பற்றும். மண்ணெண்ணெய் 38 பாகைக்கு மேலே சூடானால்தான் பற்றத் தேவையான ஆவியை விடும். ஆகவே காபறேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்து, எஞ்சின் சூடானதும் மீதித் தூரம் முழுக்க வெள்ளைப் புகையோடு மண்ணெண்ணெயில் போவார்கள். அந்தக் கதைக்குத் தனிக் கட்டுரை வேண்டும். இப்போது சைக்கிளுக்கு வருவோம்.

இரவுச் செய்தி கேட்காமல் அப்பாவுக்கு நித்திரை வராது. பிபிசி தமிழோசை கேட்க வேண்டும். சைக்கிளைத் தலைகீழாக முற்றத்தில் நிறுத்தி, டைனமோவைப் பின்சில்லு ரயரில் விழுத்தி, ஒருவர் மிதியைக் கையால் சுற்றுவார். மற்றவர்கள் சுற்றிவர இருந்து கேட்பார்கள். பல வீடுகளில் இது நடந்தது, கதை இல்லை.

டைனமோவின் வயிற்றுக்குள் இருப்பது கொஞ்சம்தான். நடுவில் ஒரு வட்டக் காந்தம், அதைச் சுற்றி இரும்பு விரல்கள், ஒரு கம்பிச் சுருள். ரயரில் உரசும் சின்னத் தலை சுழன்றால் காந்தமும் சுழலும், சுருளில் மின் பிறக்கும். 1831 இல் பரடே கண்டது இதைத்தான். சைக்கிள் மணிக்கு 15 கிலோமீற்றர் வேகத்தில் போனால் அந்தச் சின்னத் தலை செக்கனுக்கு அறுபது தடவைக்கு மேல் சுற்றும். காந்தத்தில் நான்கு வடக்கும் நான்கு தெற்கும் இருந்தால், வருவது திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டம், அதன் மீடிறன் 250 ஏர்ட்சுக்குக் கிட்ட, அதாவது செக்கனுக்கு 250 தடவை போய் வரும். வீட்டு மின்சாரத்தில் அது 50 தான். இந்த 250 ஐ நினைவில் வைத்திருங்கள்.

அப்புறம் மருமகனின் கேள்வி. இரண்டு மடங்கு வேகமாக மிதித்தால் சுருளில் பிறக்கும் வோல்ற்றளவும் இரண்டு மடங்கு. அப்படியானால் மானிப்பாய் வீதியில் பஸ்ஸோடு போட்டிக்கு ஓடிய ஒவ்வொரு பொடியனின் பல்பும் எரிந்து போயிருக்க வேண்டும். போகவில்லையே. மெதுவாகப் போனால் மங்கும், வேகம் எடுத்தால் பிரகாசிக்கும், அதற்கு மேல் எவ்வளவு மிதித்தாலும் பெரிதாக மாறாது. யார் கட்டுப்படுத்துகிறார்கள்? டைனமோவுக்குள் வேறு எந்தக் கருவியும் இல்லை.

கட்டுப்படுத்துவது அதே சுருள்தான். சுருளுக்குள் ஓட்டம் மாறும்போதெல்லாம் அந்த மாற்றத்தைச் சுருளே எதிர்க்கும். தற்றூண்டல் என்று படித்திருப்பீர்கள். ஓட்டம் எவ்வளவு வேகமாகத் திசை மாறுகிறதோ அவ்வளவுக்கு எதிர்ப்பும் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் வோல்ற்றளவு இரண்டு மடங்கு, சரி. ஆனால் மீடிறனும் 250 இலிருந்து 500 ஆகிவிட்டது. ஆகவே சுருளின் எதிர்ப்பும் இரண்டு மடங்கு. சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள், அதே நாளில் அரிசி விலையும் இரட்டித்தது. வீட்டுக்கு வந்த அரிசி அதே இரண்டு கிலோதான். 2022 பொருளாதார நெருக்கடியைக் கண்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, அப்போது சம்பளம் அந்த அளவுக்கு ஏறவும் இல்லை.

பழைய டைனமோக்களின் உடம்பில் 6 வோல்ற்று, 3 உவாற்று என்று பொறித்திருக்கும். அதாவது அரை அம்பியர். ஓரளவு வேகம் வந்த பிறகு இந்தச் சாதனம் கொடுப்பது ஏறக்குறைய அந்த அரை அம்பியர்தான், நீங்கள் ஆறுதலாக மிதித்தாலென்ன, நாய் துரத்தி மிதித்தாலென்ன. அதற்குத் தடை 12 ஓம் கொண்ட பல்பைப் பூட்டினால் அரை அம்பியர் பெருக்கல் 12, ஆறு வோல்ற்று. கணக்கு அழகாக உட்கார்ந்துவிடும். வெடி தன்னைத் தானே துரத்தும் குதிரை என்றால், இது தன் கடிவாளத்தைத் தானே பிடிக்கிற குதிரை. ஒரு சதமும் கூடச் செலவில்லாமல், தனிப் பாகம் எதுவும் இல்லாமல், வெறும் கம்பிச் சுருளின் குணத்தாலேயே இது நடக்கிறது. முப்பத்தைந்து வருடமாக எனக்கு இதில் ஆச்சரியம் தீரவில்லை.

முன்பல்பு எரிந்து போன மறு நிமிடம் பின்சிவப்புப் பல்பும் ஏன் எரிந்து போகிறது என்பதும் இதே கணக்குத்தான். முன்பல்பு 0.4 அம்பியர் குடித்துக்கொண்டிருந்தது, பின்பல்பு வெறும் 0.1. முன்னது செத்ததும் அதன் பங்கும் சின்னவன் தலையில் விழும். எங்கள் ஊரில் அதற்கு டைனமோக்காரனைத் திட்டினார்கள்.

இனி என் றேடியோ. அதற்கு நான்கு பற்றறி, ஆறு வோல்ற்று. டைனமோவும் ஆறு வோல்ற்று. பழைய றேடியோ ஒன்றிலிருந்து, ஓட்டத்தை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்கு இருவாயிகளையும் மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு கொள்ளளவியையும் கழற்றி, ஆடலோட்டத்தை ஒரே திசையில் ஓடும் நேரோட்டமாக்கப் பொருத்தினேன். கொள்ளளவியின் உடம்பில் 10 வோல்ற்று என்று எழுதியிருந்தது. வாசித்தேன், பொருட்படுத்தவில்லை. அது மட்டும் போதாதென்று, பல்பு வீணாக மின்சாரம் குடிக்கிறது என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டேன்.

மிதி இலேசாகச் சுற்றியது. அதிலேயே எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அறிவிப்பாளரின் குரல் வந்தது, பின்னால் ஒரு இரைச்சலோடு. கையை வேகமாக்கினால் இரைச்சலின் சுருதி ஏறும், தளர்த்தினால் இறங்கும். அப்பா “கொஞ்சம் சத்தமா வைக்கேலாதோ” என்றார். நான் ஒரு மூச்சு வேகமாகச் சுற்றினேன். ‘டப்’ என்று ஒரு சத்தம். காபைட் ரின்களில்கூட நான் கேட்காத, உலர்ந்த, குறுகிய வெடி. வெள்ளைப் புகை. கூரைத் தாழ்வாரத்தில் கடுதாசித் துண்டுகளும் அலுமினியத் தாளும்.

டைனமோ ஒரு அரை அம்பியரை எங்கேயாவது தள்ளப் பார்க்கும். பல்பு இல்லை. சத்தம் குறைத்து வைத்த றேடியோ அதில் பத்தில் ஒரு பங்குகூட எடுக்காது. போக வழியில்லாத இடத்தில் வோல்ற்றளவு 20, 30 என்று ஏறும். கொள்ளளவிக்குள் இருப்பது அலுமினியத் தாளின் மேல் படிந்த மிக மெல்லிய ஒட்சைட்டுப் படலம். தாங்கும் எல்லை தாண்டினால் அதனூடே மின் கசியும், கசிவால் சூடு, சூட்டால் இன்னும் கசிவு, உள்ளே இருக்கும் திரவம் வாயுவாகும். ஆக, கடிவாளத்தைக் கழற்றிவிட்டு முதலாவது குதிரையை நானே உள்ளே கட்டியிருக்கிறேன்.

அம்மா கண்ணூறு என்றா. செத்தல் மிளகாயும் கல்லுப்பும் எடுத்து றேடியோவைச் சுற்றி அடுப்பில் போட்டா. உப்புப் படபடவென்று வெடித்தது, கண்ணூறு இருந்ததற்கு அதுவே சாட்சி. கல்லுப்புப் பளிங்குகளுக்குள் அகப்பட்ட தண்ணீர் நீராவியாகித்தான் அவை வெடிக்கின்றன என்று நான் சொல்லிப் பார்த்தேன். றேடியோவை எரித்தவனின் பேச்சை அன்றைக்கு யார் கேட்பார்கள்.

சந்தியில் றேடியோ திருத்துகிற அண்ணை ஒருவர் இருந்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவர். கருகியதைப் பார்க்கக்கூட இல்லை. “பல்பைக் கழட்டினியோ?” என்றார். தலையாட்டினேன். “பல்பு இருக்கட்டும் தம்பி. மிச்சத்தை அவர் குடிப்பார்.” தற்றூண்டல் என்ற சொல் அவருக்குத் தெரியாது. அடுத்த வருடம் உயர்தர வகுப்பில் அந்தச் சொல்லை எனக்குக் கரும்பலகையில் எழுதிக் காட்டினார்கள், சூத்திரத்தோடு. ஒரு டைனமோவை மேசையில் வைத்துக் காட்டவில்லை. ஆய்வுகூட அலுமாரிக்குள் ஒன்று இருந்தது, பூட்டோடு. இன்றைக்கும் சோதனைக்கு விடை எழுதத்தான் பௌதிகம் படிப்பிக்கிறோம். திறன் வகுப்பறை, பெரிய திரை என்றால் காசு வருகிறது. ஒரு பெட்டி டைனமோ, பல்பு, கம்பி வாங்கக் காசு வருவதில்லை. இது என் எரிச்சல், கட்டுரையோடு சேராது என்றால் விட்டுவிடுங்கள்.

கலியாணம் முடிந்து ஒரு கிழமைக்குப் பிறகு மருமகன் கைத்தொலைபேசியில் ஒரு படம் அனுப்பினான். எங்கேயோ பழைய இரும்புக் கடையில் டைனமோ ஒன்று தேடிப் பிடித்திருக்கிறான். முதல் படத்தில் தலைகீழாக நிற்கும் சைக்கிள், எரிகிற பல்பு, அளவுமானியில் 6.2. இரண்டாவது படத்தில் பல்பு இல்லை, மானியில் 23. கீழே ஒரு வரி: “மாமா, உண்மைதான். இனி என்ன செய்யலாம்?”

உடனே பதில் போட்டேன்: “கொப்பற்ர றேடியோவில கை வையாதை.”