சாதத்தில் விரிசலா? பசையைத் தொடாதீர்கள்

போன மாதம் ஒரு அம்மா, மகனின் மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். வலப் பக்கத் தோலான வலந்தலையில் ‘நம்’ என்ற சொல்லைத் தட்டினால் பலகையைத் தட்டியது போல ‘டொக்’ என்றது. குனிந்து பார்த்தேன். நடுவில் இருக்கும் ‘சாதம்’ என்ற கறுப்பு வட்டம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. “சின்னச் சின்னதா விரிசல் இருந்ததுங்க. உதிர்ந்துடுமேன்னு நான்தான் பசை ஊத்தி அடைச்சேன்” என்றார். நல்ல எண்ணம்தான். ஆனால் மிருதங்கம் பேசுவதே அந்த விரிசல்களால்தான்.

வட்டத் தோலை இழுத்துக் கட்டி அடித்தால் ஒரே ஒலி மட்டும் வராது, கூடவே பல மேல் ஒலிகளும் வரும். வெறும் தோலின் அடிப்படை ஒலி நொடிக்கு 100 அதிர்வு என்றால், அடுத்தவை ஏறத்தாழ 159, 214, 230 என்று தாறுமாறாக நிற்கும். அது வெறும் சத்தம், சுருதியில் நிற்காது. தம்பூராத் தந்தியில் 100, 200, 300 என்று வரிசையாக வரும். தோலின் நடுவில் சாதத்தின் கனத்தை ஏற்றியதும் அதுவும் கிட்டத்தட்ட தந்தியின் வரிசைக்கு வந்துவிடுகிறது. சி.வி. ராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். பட்டறைக்காரர்களின் காது அதற்கு வெகுகாலம் முன்பே அந்தக் கணக்கைப் போட்டு முடித்திருந்தது.

சரி, சாதம் என்றால் என்ன? கிட்டான் கல்லைப் பொடித்துச் சலித்து, குழைந்த சோற்றோடு பிசைந்த கலவை. ஒரேயடியாக அப்பக் கூடாது. மெல்லிசாக ஒரு பூச்சு, வழவழப்பான கல்லால் தேய்ப்பு. அது காய்ந்ததும் அடுத்த பூச்சு, முந்தையதைவிடச் சற்றுச் சின்ன வட்டமாக. இப்படியே பல பூச்சு. தேய்க்கத் தேய்க்க மயிரிழை விரிசல் விழும். அது விழுந்தால்தான் இறுகிய சாதம் தோலோடு சேர்ந்து வளையும். பசை ஊற்றினால் அத்தனை துணுக்கும் ஒட்டி ஒரே வில்லையாகிவிடும், தோல் அசைய முடியாது.

‘நம்’ வாசிக்கும்போது மோதிர விரலைக் கவனியுங்கள். சாதத்தின் ஓரத்தை லேசாகத் தொட்டபடி இருக்கும். ஆள்காட்டி விரல் விளிம்பில் விழும். தொட்டிருக்கும் விரல் அடிப்படை ஒலியை அடக்கிவிட, இரண்டாவது ஒலி தெளிவாக எழும்பும். மோதிர விரலை எடுத்துவிட்டு ஒரு முறை அடித்துப் பாருங்கள்.

தொப்பி என்னும் இடப் பக்கத் தோலில் குழைத்து வைக்கும் ரவையும் கனம்தான். அது ஏற ஏற ஒலி தாழும். வாசித்து முடித்ததும் சுரண்டித் துடைத்துவிடுங்கள். விட்டுவைத்தால் தோல் கெடும், எலியும் வரும். எலி கடித்த தொப்பிகள் என் பட்டறைக்குப் புதிதல்ல. மழைக்காலத்தில் தோல் ஈரம் குடித்துச் சுருதி இறங்கினால் பதற வேண்டாம். அதற்காக வெயிலிலோ பூட்டிய காரிலோ வைக்காதீர்கள்.

விரிசலைக் கண்டு ஓடிவர வேண்டியதில்லை. சில்லு பெயர்ந்தாலோ, நாதம் நீளாமல் கரகரத்தாலோ கொண்டுவாருங்கள்.

அந்த அம்மா ஊற்றிய பசையைத் தனியாக எடுக்க வழியில்லை. சாதத்தை முழுக்கச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன். வாங்கிப்போக வந்த பையன் விரலால் தடவிப் பார்த்து, “மாமா, இதுலயும் விரிசல் இருக்கே?” என்றான்.

“இருக்கட்டும்டா, தட்டிப் பாரு” என்றேன்.